சாட்சி சொல்லாத பிள்ளைகள்

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஆயர் கேட்கிற கேள்விகளுக்குக் குழந்தை பதில் சொல்வதில்லை. பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அதன் சார்பில் "விசுவாசிக்கிறோம்" என்கிறார்கள். பதினைந்து, பதினாறு வருடம் கழித்து அதே பிள்ளை திடப்படுத்தல் ஆராதனையில் சபைக்கு முன்னால் நின்று, அன்று தனக்காகச் சொல்லப்பட்டதை இன்று தன் வாயால் சொல்ல வேண்டும். இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகளோடுதான் என் ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன. தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபை ஒன்றில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். எங்களுடையது ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். அதனாலேயே ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. நிலம் பிள்ளைக்கு இறங்குகிறது. முகச்சாயல் இறங்குகிறது. அப்பாவின் கோபம்கூட இறங்குகிறது. கடவுள்மீது வைத்த விசுவாசமும் அப்படி இறங்குமா? இல்லை, ஒவ்வொரு தலைமுறையும் வெறுங்கையோடுதான் தொடங்க வேண்டுமா?

பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கேள்விக்காகவே ஒரு நாட்டின் சபைகள் பிளவுபட்டன. அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்து மாசசூசெட்ஸில் குடியேறிய ஆங்கிலேய பியூரிட்டன்களின் சபைகள் அவை. அந்தப் போராட்டம் முழுவதையும் ஒரே குடும்பத்தின் வரலாற்றில் பார்த்துவிட முடியும். ரிச்சர்ட் மேத்தர், அவர் மகன் இன்கிரீஸ், பேரன் காட்டன், கொள்ளுப்பேரன் இன்னொரு இன்கிரீஸ் என்று நான்கு தலைமுறை.

ரிச்சர்ட் 1596-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் லோட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். வசதி குறைந்த குடும்பம். வாத்தியாரின் அடி பொறுக்காமல், படிப்பை நிறுத்திவிடுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சிய பையன் அவர். அப்படிப்பட்டவரே பதினைந்து வயதில், லிவர்பூலுக்குப் பக்கத்தில் டாக்ஸ்டெத் பார்க் என்ற இடத்தில் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராகப் போனார். அங்கே ஆஸ்பின்வால் என்ற குடும்பத்தார் வீட்டில் தங்க இடம் கிடைத்தது. அந்த வீட்டாரின் ஜெபமும் அன்றாட நடத்தையும் இளைஞனைக் கலங்க வைத்தன. இவர்களிடம் இருக்கிற ஏதோ ஒன்று என்னிடம் இல்லையே என்ற வேதனை அவரைப் பிடித்துக்கொண்டது. பல மாத மனப்போராட்டத்துக்குப் பிறகு, பதினெட்டு வயதில் மனந்திரும்பினார். ஊழியக்காரர்களின் வம்சத்துக்குத் தலைவரானவருக்கு விசுவாசம் பெற்றவர் வீட்டில் கிடைக்கவில்லை. ஊரார் வீட்டில், யாரும் அவருக்கென்று ஊட்டாமல் கிடைத்தது.

1618-இல் டாக்ஸ்டெத் சபையின் ஊழியரானார். குருமார் உடுத்தும் வெள்ளை அங்கியை அவர் அணிய மறுத்தார். வேதத்தில் இல்லாத சடங்கு என்பது பியூரிட்டன்களின் வாதம். பதினைந்து ஆண்டுகளாக ஒரு தரமும் அணியவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. 1633-இலும் மறுபடி 1634-இலும் ஊழியத்திலிருந்து நிறுத்தினார்கள். மாசசூசெட்ஸ் அடங்கிய புதிய இங்கிலாந்துக்குப் போவது ஏன் நியாயம் என்று காரணங்களை வரிசைப்படுத்தி எழுதி, நண்பர்களோடு பேசி முடிவெடுத்தார். அதிகாரிகள் பிடித்துவிடாமலிருக்க உடையை மாற்றிக்கொண்டு பிரிஸ்டல் துறைமுகத்துக்குப் போய், மனைவி கேத்தரினோடும் பிள்ளைகளோடும் 'ஜேம்ஸ்' என்ற கப்பலில் ஏறினார். சுமார் நூறு பயணிகள். கூடவே பசுக்களும் குதிரைகளும். 1635 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, கரை தென்படும் தூரத்தில் பெரும்புயல் அடித்தது. நங்கூரங்கள் போயின, பாய்கள் கிழிந்தன, கப்பல் பாறைகளை நோக்கிப் போனது. காற்று திசை மாறியதால் பிழைத்தார்கள். இரண்டு நாள் கழித்து பாஸ்டன் வந்து சேர்ந்தார்கள்.

இத்தனையும் கடந்து வந்தவர்களுக்கு அங்கே ஒரு சோதனை காத்திருந்தது. இங்கிலாந்தில் ஒரு ஊரில் பிறந்தாலே அந்த ஊர்ச் சபையைச் சேர்ந்தவர்தான். குடிகாரருக்கும் பக்தருக்கும் ஒரே திருவிருந்து. அந்த ஏற்பாட்டைச் சகிக்க முடியாமல்தான் இவர்கள் புறப்பட்டு வந்தார்கள். ஆகவே புதிய இங்கிலாந்தின் சபைகளில் ஒரு விதி பிறந்தது: கடவுளின் கிருபை தன் உள்ளத்தில் எப்படி வேலை செய்தது என்று ஒருவர் சபை முன்னால் சாட்சி சொல்ல வேண்டும், சபை அதைக் கேட்டு ஏற்றுக்கொண்டால்தான் உறுப்பினர். உறுப்பினர்களுக்கே திருவிருந்து. மாசசூசெட்ஸில் 1631 முதல் ஓட்டுரிமையும் சபை உறுப்பினர்களுக்கு மட்டும்தான்.

1636 ஏப்ரலில் ரிச்சர்ட் மேத்தர் டார்செஸ்டர் என்ற ஊரில் சபை ஒன்று அமைக்க முயன்றார். பக்கத்துச் சபை ஊழியர்கள் வந்து, சபையைத் தொடங்கவிருந்தவர்களின் சாட்சிகளைக் கேட்டார்கள். ரிச்சர்டும் இன்னொருவரும் தவிர மற்றவர்களின் சாட்சி போதாது என்று தீர்ப்பாயிற்று. சிலர் தாங்கள் கண்ட சொப்பனங்களை நம்பியிருந்தார்கள். சிலர் தங்கள் நடத்தை திருந்தியதையே இரட்சிப்பென்று எண்ணியிருந்தார்கள். சபை அமைக்க அனுமதி கிடைக்கவில்லை. வீட்டையும் நிலத்தையும் விட்டுக் கடல் தாண்டி வந்தவர்களிடம் உங்கள் விசுவாசம் உறுதியாகத் தெரியவில்லை என்று சொன்னார்கள். அந்த ஆகஸ்டில் மறுபடி கூடியபோதுதான் டார்செஸ்டர் சபை உருவானது. இந்த அனுபவம் ரிச்சர்டின் மனதில் எங்கோ ஆழத்தில் தங்கியிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

பெரியவர்களுக்குச் சாட்சி. குழந்தைகளுக்கு? கடவுள் ஆபிரகாமோடு மட்டும் உடன்படிக்கை செய்யவில்லை, அவன் சந்ததியோடும் செய்தார் என்று பியூரிட்டன்கள் வாசித்தார்கள். ஆகவே உறுப்பினர்களின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு. வளர்ந்ததும் அவர்களும் சாட்சி சொல்லி முழு உறுப்பினராவார்கள் என்பது எதிர்பார்ப்பு. இருபது ஆண்டுகள் போயின. பிள்ளைகள் வளர்ந்தார்கள், கல்யாணம் செய்தார்கள், ஒழுக்கமாக வாழ்ந்தார்கள், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வந்தார்கள். ஆனால் அவர்களில் மிகப் பலர் சாட்சி சொல்ல முன்வரவில்லை. அவர்களுக்கும் குழந்தைகள் பிறந்தன. உறுப்பினர் அல்லாதவரின் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. கடல் தாண்டி வந்த தாத்தா முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, அவர் பேரக்குழந்தைக்குச் சபையில் இடமில்லாமல் போனது.

அன்றைய பிரசங்கிகளில் பலர் இதைப் பக்திச் சரிவென்றே எண்ணிப் புலம்பினார்கள். முதல் தலைமுறையின் அக்கினி அணைந்துவிட்டது, பிள்ளைகள் உலகத்தின் பின்னால் போய்விட்டார்கள் என்றார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ரிச்சர்டுக்கு ஒரு 'முன்பு' இருந்தது, ஒரு 'பின்பு' இருந்தது. நடுவே ஒரு முறிவும் இருந்தது. அவரால் சாட்சி சொல்ல முடிந்தது. அவருடைய பிள்ளைகள் தலைமுறைக்கு 'முன்பு' என்று ஒன்று கிடையாது. பால்குடி நாளிலிருந்து காலையும் மாலையும் குடும்ப ஜெபம் கேட்டு வளர்ந்தவர்கள் எந்த நாளைச் சுட்டிக்காட்டி, இன்றுதான் நான் மாறினேன் என்று சொல்வார்கள்? அதோடு, தகுதியில்லாமல் திருவிருந்தில் கைநீட்டுகிறவன் தனக்கே ஆக்கினையைத் தேடிக்கொள்கிறான் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். உள்ளத்தில் நிச்சயமில்லாததை நிச்சயமென்று சபை முன்னால் சொல்ல அவர்கள் அஞ்சினார்கள். நான்கு வார்த்தை மனப்பாடம் செய்து ஒப்பித்திருந்தால் ஓட்டுரிமை வந்திருக்கும், ஊரில் மதிப்பு வந்திருக்கும், குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்திருக்கும். அந்த லாபங்களுக்காகக் கடவுள் முன்னால் பொய் சொல்ல அவர்களில் பலர் மறுத்தார்கள். இது விசுவாசத்தின் சரிவா? அப்பாக்கள் கற்றுக்கொடுத்த பாடத்தைப் பிள்ளைகள் அப்பாக்களைவிடக் கவனமாகப் படித்ததன் விளைவு இது.

ரிச்சர்ட் மேத்தர் இதைப் புரிந்துகொண்டவர். புதிய இங்கிலாந்துச் சபைகளின் சட்டமான 1648-ஆம் ஆண்டின் கேம்பிரிட்ஜ் சாசனத்தை எழுதியதில் முக்கியப் பங்கு அவருடையது. பேரக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற கருத்து அப்போதே அவருக்கு இருந்தது. எதிர்ப்பினால் அது சாசனத்தில் இடம்பெறவில்லை. 1662-இல் பாஸ்டனில் சபைப் பிரதிநிதிகளின் சினட் கூடியது. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், சாட்சி சொல்லாவிட்டாலும், உபதேசத்தை அறிந்து, பழிச்சொல்லுக்கு இடமின்றி வாழ்ந்து, சபையின் உடன்படிக்கைக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தால், அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று பெரும்பான்மையினர் முடிவெடுத்தார்கள். திருவிருந்தும் சபைக் காரியங்களில் ஓட்டும் மட்டும் சாட்சி சொன்னவர்களுக்கே. பிற்காலத்தில் இதைப் 'பாதி உடன்படிக்கை' என்று ஏளனமாக அழைத்தார்கள்.

எதிர்த்தவர்களில் ரிச்சர்டின் இரண்டு மகன்கள் இருந்தார்கள். ஒருவர் நார்த்தாம்ப்டன் ஊரின் ஊழியர் எலியேசர். மற்றவர் கடைசி மகன் இன்கிரீஸ், வயது இருபத்திரண்டு. சினட் முடிந்ததோடு சண்டை முடியவில்லை. நியூ ஹேவனின் மூத்த ஊழியர் ஜான் டேவன்போர்ட் சினட் முடிவை எதிர்த்து எழுதிய புத்தகத்துக்கு இன்கிரீஸ் முன்னுரை எழுதினார். அதற்கு மறுப்பு 1664-இல் அச்சாகி வந்தபோது அதை எழுதியவர்களில் ஒருவர் அவருடைய அப்பா. தன் வயதான தகப்பனைக் கனம்பண்ணிக்கொண்டே அச்சில் எதிர்ப்பது லேசான காரியமா? இன்கிரீஸின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. எதற்காகக் கடல் தாண்டினோமோ அதையே பிள்ளைப்பாசத்துக்காக விட்டுக்கொடுப்பதா என்று அவர் கேட்டார். வாலிபத்தில் பெரும் மனவேதனைக்குப் பிறகு விசுவாசத்தை அடைந்தவர் அவர். கஷ்டப்பட்டு உள்ளே வந்தவர்களுக்கு வாசல் குறுகலாகவே இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு.

ரிச்சர்டின் சொந்த டார்செஸ்டர் சபையே அவர் காலத்தில் இந்த முடிவை ஏற்கவில்லை. 1669 ஏப்ரலில், இதே விவகாரத்தால் உடைந்துகொண்டிருந்த பாஸ்டன் முதல் சபையின் வழக்கை விசாரிக்கக் கூடிய ஆலோசனைச் சபைக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தபோது, சிறுநீரகக் கல்லின் வேதனை அவரை வீழ்த்தியது. 22-ஆம் தேதி இறந்தார். படுக்கையருகே இருந்த இன்கிரீஸ், நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டார். எழும்பி வரும் தலைமுறையைச் சபையின் பராமரிப்புக்கு வெளியே விட்டுவிடாதே என்பதே தகப்பன் சொன்னதன் சாரம். எதிரணியில் நின்ற மகனிடம் அவர் ஒப்படைத்தது அந்தப் பாரத்தைத்தான். மூன்றே மாதத்தில் எலியேசரும் இறந்தார். சில ஆண்டுகளில் இன்கிரீஸ் மனம் மாறி, 1675-இல் அப்பாவின் நிலைப்பாட்டை ஆதரித்தே புத்தகம் வெளியிட்டார்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கடவுள் யாரைத் தெரிந்துகொள்கிறாரோ அவர்களைப் பெரும்பாலும் பக்தியுள்ள பெற்றோரின் சந்ததியிலிருந்தே தெரிந்துகொள்கிறார் என்று போதித்தார். இந்த இடத்தில் நான் அவரோடு போக மாட்டேன். அப்பா கேட்டது பிள்ளைகளுக்கு ஒரு வாசல். மகன் அதை வம்சத்தின் மகிமையாக்கினார். ஆபிரகாமின் பிள்ளைகள் என்று பெருமை பேசியவர்களைப் பார்த்து யோவான் ஸ்நானகன் கோபப்பட்டது ஏனென்று வேதம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆசாரியன் ஏலியின் மகன்கள் ஆசரிப்புக் கூடாரத்தின் நிழலிலேயே கெட்டார்கள்.

மேத்தர் குடும்பத்துக்கு அந்தப் பாடம் வெகு கொடுமையாக வந்து சேர்ந்தது. இன்கிரீஸ் மணந்தது பாஸ்டனின் புகழ்பெற்ற போதகர் ஜான் காட்டனின் மகள் மரியாவை. 1663-இல் பிறந்த அவர்கள் மகனுக்கு இரண்டு குடும்பப் பெயர்களும் சேர்ந்து காட்டன் மேத்தர் என்று பெயர். இரண்டு பக்கத் தாத்தாக்களும் புதிய இங்கிலாந்தின் தூண்கள். புத்தகம் எழுதியே தீராத கை அவருடையது. ஆனால் பக்திப் பழக்கத்தோடு அந்த வீட்டின் குருட்டுத்தனமும் அவருக்கு இறங்கியது. 1692-இல் சேலத்தில் சூனியக் குற்றச்சாட்டில் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டு ஒருவரைக் கல்லடுக்கி நசுக்கிக் கொன்ற வழக்குகளுக்கு ஆதரவாக அவர் எழுதினார். ஒனேசிமு என்று பெயரிட்ட ஆப்பிரிக்க மனிதரை அடிமையாக வைத்திருந்தார். அம்மைப்பால் வைக்கும் முறையை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டார், பிறகு 1721-இல் பெரியம்மை பரவியபோது ஊரே எதிர்த்தும் அதற்காக வாதாடினார். ஒரு குடும்பத்தின் சொத்தில் எது இறங்கும், எது இறங்காது என்று பிரித்து வாங்கிக்கொள்ள வாரிசுகளால் முடிவதில்லை.

காட்டனுக்குப் பதினைந்து குழந்தைகள். அவரது மரணத்துக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் இருவர் மட்டுமே. 1713-இல் தட்டம்மை ஒரே மாதத்தில் மனைவியையும், புதிதாகப் பிறந்த இரட்டையரையும், இரண்டு வயது மகளையும் கொண்டுபோனது. தாத்தாவின் பெயரைச் சூட்டிய மகன் இன்கிரீஸ்மேல் உயிரையே வைத்திருந்தார். அந்தப் பிள்ளை குடும்பத்தின் வழியில் வரவில்லை. 1717-இல், கல்யாணமாகாத அவன் ஒரு குழந்தைக்குத் தகப்பன் என்று ஊரில் பழி வந்தது. அப்பா உபவாசமிருந்தார், கண்ணீர்விட்டார், நாட்குறிப்பில் மன்றாடினார். 1724-இல் மகன் போன கப்பல் கடலில் காணாமல் போனது. 1635-இல் அதே கடலில் காற்று திசை மாறி ரிச்சர்ட் குடும்பத்தைக் காப்பாற்றியதைக் கடவுளின் கரம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த வீடு அது. இப்போது என்ன சொல்வது? பக்தியுள்ள பெற்றோரின் சந்ததி என்ற போதனை அந்தத் தகப்பனுக்கு ஆறுதல் தந்திருக்காது. தன் குறையினால்தான் பிள்ளை போனான் என்ற சுமையைத்தான் கூட்டியிருக்கும்.

இந்தக் காட்டன் மேத்தரைத்தான் எங்கள் ஊர்க் கதையிலும் சந்திக்கிறேன். 1717 டிசம்பர் கடைசியில் அவர் தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்குக்குக் கடிதம் எழுதினார். 1719-இல் சீகன்பால்கு இறந்துவிட, உடன் ஊழியர் கிரண்ட்லர் பதில் எழுதினார். 1721-இல் பாஸ்டனில் 'இந்தியா கிறிஸ்டியானா' என்ற புத்தகத்தில் இந்தக் கடிதங்கள் அச்சாயின. கடலோரத்து இரண்டு ஊர்கள், உலகத்தின் இரு மூலைகள். 1707-இல் தரங்கம்பாடியில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ரிச்சர்டைப் போல 'முன்பு', 'பின்பு' அறிந்தவர்கள். நாங்களோ டார்செஸ்டரின் பேரப்பிள்ளைகளைப் போலப் பிறக்கும்போதே உள்ளே இருந்தவர்கள்.

போன வருடம் என் வகுப்பில் ஒரு பெண், திடப்படுத்தலுக்குப் பெயர் கொடுக்கும் நேரத்தில் எல்லாரும் போனபின் வந்து நின்றாள். "டீச்சர், கேள்வி பதில் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா விசுவாசிக்கிறேன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்ற அளவுக்கு எனக்கு இன்னும் வரல. வராம சொன்னா அது பொய்தானே?" என்றாள். வீட்டில் பெரிய மனவருத்தம். "நம்ம வீட்டுல இப்படி ஒரு பிள்ளையா?" என்று அவள் அம்மாச்சி என்னிடம் அழுதார்கள். "உங்க வீட்டுல பொறந்ததாலதான்மா அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரல" என்று சொன்னேன். ஒப்பித்துவிட்டுப் புது உடையோடு படம் எடுத்துக்கொள்வது அவளுக்கு எவ்வளவு சுலபம்! அவள் அந்த வருடம் நிற்கவில்லை. இன்றும் ஆலயத்துக்கு வருகிறாள், பாடற்குழுவில் பாடுகிறாள்.

சட்டம் போட்டு இதைத் தீர்க்க முடியாது என்பதற்கும் அதே வரலாறு சாட்சி. எலியேசருக்குப் பிறகு நார்த்தாம்ப்டனுக்கு வந்த சாலமோன் ஸ்டாடர்ட், எலியேசரின் விதவையையே மணந்தவர், ஒழுக்கமாக வாழும் எல்லாருக்கும் திருவிருந்தைத் திறந்துவிட்டார். அதே ஆலயத்தில் அவருக்குப் பின் வந்த பேரன் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் அதை மறுபடி மூட முயன்றார். 1750-இல் சபையார் அவரையே அனுப்பிவிட்டார்கள். முழுக்கத் திறந்தால் விசுவாசம் ஊர்வழக்கமாகிவிடுகிறது. முழுக்க மூடினால் பொய் சொல்லத் தெரிந்தவர்கள் உள்ளே போகிறார்கள், மனசாட்சி உள்ளவர்கள் வெளியே நிற்கிறார்கள். ரிச்சர்டின் நடுவழி அழகான தீர்வு இல்லை. ஆனால் உனக்கு இன்னும் வரவில்லை என்பதை நாங்கள் நம்புகிறோம், அதற்காக உன்னையும் உன் குழந்தையையும் அந்நியராக்க மாட்டோம் என்று அது சொன்னது. அந்த இரண்டையும் ஒருசேரச் சொல்வதற்கு மிகுந்த அன்பு வேண்டும்.

ஆகவே என் பதில் இது. விசுவாசம் இறங்காது. தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசத்தைப் பவுல் நினைவுகூர்கிறார், உண்மை. ஆனாலும் தீமோத்தேயு தானே அதைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இறங்குவது கடவுள் முன்னால் உண்மையாக நிற்க வேண்டும் என்ற பயம். அது இறங்கிவிட்டால் மற்றது வர வழியிருக்கிறது. ஜெபிக்கிற வீடு தன் ஜெபத்தின் பலன் தன் பிள்ளையிடம்தான் காணப்பட வேண்டும் என்று கணக்குப் பார்க்கக்கூடாது. ஆஸ்பின்வால் வீட்டின் பக்தி வேறொரு தாயின் மகனிடம் போய்ச் சேர்ந்தது.

சபையாரிடம் நான் கேட்பது ஒன்றுதான். இன்னும் வரவில்லை என்கிற பிள்ளையின் பெயரை ஏட்டிலிருந்து அடிக்காதீர்கள், வந்துவிட்டதாகச் சொல்லும்படி அதை நெருக்கவும் செய்யாதீர்கள். அடுத்த வருடமும் அன்போடு கேளுங்கள், அதற்கடுத்த வருடமும் கேளுங்கள். என்றைக்காவது அந்தப் பிள்ளை விசுவாசிக்கிறேன் என்று சொன்னால், அந்த வார்த்தையை நாம் தயங்காமல் நம்பலாம்.